ஹாய் மே எண்டு கேட்டவள்

மழை பெய்யுது எண்டு ஆரும் வந்து சொன்னால், அவள் படியேறிப் போய்க் கையை வெளியிலை நீட்டிப் பாத்திட்டுத்தான் நம்புவாள். சொன்னவன் தலையாலை தண்ணி ஒழுக நிண்டாலும் அதுதான். "ஹாய் மே?" எண்டு ஒருக்கால் கேப்பாள். கன்ரோனீஸ் பாஷையிலை அதுக்கு "அப்பிடியோ?" எண்டு அர்த்தம். ஆனால் எங்கடை "அப்பிடியோ" இல்லை அது. "மெய்யாத்தான் சொல்லுறியோ, இல்லாட்டி எனக்குப் பூச்சுத்துறியோ" எண்டு நாங்கள் நீட்டி முழக்கிக் கேக்கிறதை அவள் ரெண்டு சத்தத்திலை முடிச்சிடுவாள்.

எண்பதுகளின்ரை நடுப்பகுதி. பாரிஸ் லாச்சப்பலிலை, ரூ பிலிப்-து-ஜிராருக்குப் பக்கத்து ஒழுங்கை ஒண்டிலை, நிலத்துக்குக் கீழை ஒரு சமையல்கட்டு. அங்கையிருந்துதான் சுத்துவட்டாரச் சீனக் கடையளுக்கு நெம் போகும். நெம் எண்டால் மெல்லிய அரிசித்தாளுக்குள்ளை இறைச்சியும் கரட்டும் வைச்சுச் சுருட்டிப் பொரிக்கிறது. எங்கடை றோல்ஸுக்குத் தம்பி முறை எண்டு வையுங்கோ. காலமை எட்டு மணிக்குத் தொடங்கினால் பின்னேரம் ஆறு மட்டும் நிண்ட நிலைதான். நீட்டு மேசையிலை எனக்கு நேரெதிரிலை அவள். நான் யாழ்ப்பாணம். அவள் வியட்நாமிலை, சைகோனுக்குப் பக்கத்துச் சீனப் பகுதி. ரெண்டு பேருக்கும் முப்பதுதான் கடந்திருந்தது. ரெண்டு பேரின்ரை பிரெஞ்சும் நொண்டி. எங்களுக்குள்ளை கதை விளங்கும், பிரெஞ்சுக்காரனுக்குத்தான் விளங்காது.

அங்கை வேலை செய்த எங்கடை பெடியள் அவளுக்கு "ஹாய்மே அக்கா" எண்டு பட்டம் வைச்சிருந்தாங்கள். அது அவளுக்குத் தெரியும்.

முட்டையை ஒரு நாளும் நேரே சட்டிக்குள்ளை உடைக்க மாட்டாள். ஒவ்வொண்டாய்ச் சின்னக் கோப்பைக்குள்ளை உடைச்சு, மணந்து பாத்து, பிறகுதான் சட்டிக்கு. முப்பது முட்டையும் நல்லதாய் இருந்தால் முப்பத்தோராவதை இன்னும் கூடச் சந்தேகிப்பாள். றால் பெட்டியிலை ஒட்டியிருக்கிற திகதியை நம்ப மாட்டாள், தலையை அமத்திப் பாப்பாள். எங்கடை பிள்ளையாரையும் விடேல்லை. ஒருநாள் கோயிலுக்குப் போட்டு விபூதியோடை வேலைக்கு வந்தன்.

"என்ன கேட்டனி?" எண்டாள்.

"விசா கேட்டனான்."

"அவருக்குக் கேட்டதோ?"

"கேட்டிருக்கும்."

"எப்பிடித் தெரியும்?"

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. கோதாரி, சாமியையும் விசாரிக்கிறாளே எண்டு அண்டைக்கு முழுக்க அவளோடை கதைக்கேல்லை.

அவளின்ரை சொல்லுகளைப் படிக்க வேணும் எண்டு எனக்கு ஆசை வந்தது முதலாளியின்ரை மச்சானாலை. அவன் ஒருநாள் ஹொங்கொங்கிலை தான் கார் வைச்சிருந்த கதையை அளந்துகொண்டு நிண்டவன். அவள் நிமிராமல் ஒரு சொல்லுச் சொன்னாள். அவன் வாயை மூடிக்கொண்டு மேலை போட்டான். அட, இது நல்ல சொல்லாய்க் கிடக்கே, எனக்கும் வேணும் எண்டு கேட்டன்.

சொல்லித் தந்தாள். ஆனால் அவள் படிப்பிக்கிற முறை வேறை. அர்த்தம் சொல்ல மாட்டாள். ஆரும் ஒரு புளுகு விடுமட்டும் பொறுத்திருந்து, மேசைக்குக் கீழாலை என்ரை காலைத் தட்டுவாள். நான் உடனை வாய்க்குள்ளை அந்தச் சொல்லைச் சொல்ல வேணும். இறைச்சிக்காரன் வந்து "இண்டைக்குக் காலமை வெட்டினது" எண்டுவான். காலிலை ஒரு தட்டு. "ச்சே தாய் பாவ்." பெரிய பீரங்கி விடுறான் எண்டு அர்த்தம். முதலாளி "இந்தக் கிழமை வேலை குறைவு" எண்டுவார். தட்டு. "ஙாக் குவாய் சிக் தவ் ஃபூ." பேயை ஏமாத்தித் தோஃபு தின்னக் குடுக்கிறார், அந்த வெள்ளைச் சோயாக் கட்டியை. நாங்கள் இதுக்குக் காதிலை பூ வைக்கிறது எண்டு சொல்லுவம் எண்டன். அவள் சுருட்டின நெம்மைக் கீழை வைச்சிட்டு, "எந்தக் காதிலை?" எண்டு கேட்டாள். எந்தக் காதெண்டு எனக்கும் தெரியேல்லை.

"சொன் நேய் தவ் சோ" எண்டு இன்னொண்டு. உன்னை நம்பினால் நான் விசரி எண்டு அர்த்தம். இது என்னை வேலையாலை நிப்பாட்டப் பாத்தது. மாரி தொடங்கிக் கையெல்லாம் விறைக்கிற நேரம், முதலாளி இறங்கி வந்து, "வாற மாசம் இஞ்சை ஹீற்றர் பூட்டுவன்" எண்டார். எனக்கு வாய் சும்மா கிடக்குமோ? காலிலை தட்டும் விழேல்லை. அவற்றை முகத்துக்கு நேரே பெரிசாய்ச் சொல்லிப்போட்டன். அவற்றை கழுத்துச் சிவந்து காது மட்டும் ஏறினதைப் பாத்தன். அவள் நிமிராமலே ஏதோ நீளமாய்ச் சொன்னாள். மனுசன் என்னை ஒருக்கால் முறைச்சுப் பாத்திட்டு மேலை போட்டார்.

"என்ன சொன்னனி?"

"இவள் கிளி. அர்த்தம் தெரியாது எண்டன்." அவள் என்ரை மணிக்கட்டைப் பிடிச்ச பிடி நொந்தது. "இந்தச் சொல்லுகள் மேலை பாத்துச் சொல்லுறதுக்கில்லை. வாய்க்குள்ளை வைச்சிருக்கிறதுக்கு. பேப்பர் இல்லாதவள் வாய்க்குள்ளைதான் வைச்சிருக்க வேணும்."

ஹீற்றர் வரேல்லை எண்டு சொல்லத் தேவையில்லை.

அந்த மாரியிலைதான் எனக்கு றிஜெக்ட் வந்தது. அகதிக் கேஸ் நிராகரிச்சிருந்தாங்கள். மேலை ஒருக்கால் ரெக்கூர் போடலாம், அதாவது மேல்முறையீடு. அதுவும் பிழைச்சால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

எங்கடை ஆக்கள் அப்ப கேஸ் எழுத ஒருத்தரிட்டைத்தான் போவினம். ஊரிலை கந்தோரிலை வேலை செய்தவர், பிரெஞ்சும் தெரியும், ரைப் மெசினும் வைச்சிருந்தார். கிளாக்கர் எண்டுதான் எல்லாரும் சொல்லுவம். கெட்ட மனுசன் இல்லை, அதை முதலே சொல்லிப்போடுறன். எத்தினை பேருக்கு அவராலை விசா கிடைச்சிருக்கு. அவற்றை கொள்கை ஒண்டுதான். "கதை நேராய் இருக்க வேணும், தங்கச்சி. வளைவு நெளிவு இருந்தால் வெள்ளைக்காரன் அதுக்குள்ளை கையை விட்டிடுவான்."

என்ரை புருசனைச் சுற்றிவளைப்பிலை பிடிச்சுக்கொண்டு போனது உண்மை. அவர் திரும்பி வராதது உண்மை. பிறகு ஆமி ரெண்டு தரம் என்னைத் தேடி வந்ததும் உண்மை. ஆனால் எனக்கு ஒரு மகள் இருந்தாள், தர்சினி. நான் வெளிக்கிடேக்கை நாலு வயசு. அக்காவிட்டை விட்டிட்டு வந்தனான். கிளாக்கர் முதல் கேஸ் எழுதேக்கையே அதிலைதான் விரலை வைச்சார்.

"பிள்ளையை எழுதக் கூடாது. உயிருக்குப் பயந்து ஓடி வந்தனான் எண்டு சொல்லுறாய். அப்ப பிள்ளையை எப்பிடி அங்கை விட்டனி எண்டு கேப்பான். பிள்ளை இருக்கக்கூடிய இடமெண்டால் நீயும் இருக்கலாம் எண்டுவான். விசா கிடைக்கட்டும், பிறகு பாப்பம்."

எனக்கு அது நியாயமாய்த்தான் பட்டது. "பிள்ளைகள் இல்லை" எண்டு ரைப் பண்ணி நீட்டினார். கையெழுத்து வைக்கேக்கை கை நடுங்கினது எண்டு சொல்லலாம், நல்லாய்த்தான் இருக்கும். நடுங்கேல்லை. வடிவாய் வைச்சன். அதை நினைக்க இப்பவும் வெக்கமாய்க் கிடக்கு.

ரெக்கூருக்குக் கிளாக்கர் கதையை இன்னும் தீட்டினார். காலமை அஞ்சரை மணி, மூண்டு ஜீப், பன்னிரண்டு ஆமிக்காரர். என்னைப் பாடமாக்கச் சொன்னார். நான் செவ்ரானிலை இருந்து வாற ரயிலிலையும் பாடமாக்குவன், நெம் சுத்தேக்கையும் வாய் முணுமுணுக்கும். அவள் ரெண்டு நாள் பாத்தாள். மூண்டாம் நாள், "எனக்குச் சொல்லு. நான்தான் நீதவான் எண்டு நினை" எண்டாள்.

சொன்னன். ஒரு தடக்கல் இல்லை. முடிச்சிட்டு நிமிர்ந்தன்.

"கம் ஙாம் கே?" எண்டாள்.

அது புதுச் சொல். எல்லாம் அப்பிடிக் கச்சிதமாய் ஒத்து வந்திட்டுதோ எண்டு அர்த்தம். ஒரு கதை அளவெடுத்துத் தைச்ச சட்டை மாதிரி இருந்தால் கேக்கிற கேள்வி.

"அது உண்மை!" எண்டு கத்தினன்.

"உண்மையெண்டால் ஏன் மூச்சு விடாமல் சொல்லுறாய்?"

அண்டையிலை இருந்து சனியன் பிடிச்சுது. ஒவ்வொரு நாளும் கேள்வி. அஞ்சரை மணி எண்டு எப்பிடித் தெரியும், மணிக்கூடு எந்தச் சுவரிலை தொங்கினது, லைற் இருந்ததோ. ஒருநாள், "எத்தினை ஜீப்?" எண்டாள்.

"மூண்டு."

"எண்ணினியோ?"

"ஓம்."

"புருசனை இழுத்துக்கொண்டு போகேக்கை, நீ நிண்டு ஜீப் எண்ணினியோ?"

என்ரை கையிலை இருந்த அரிசித்தாள் கிழிஞ்சுபோச்சு. அவளை அடிக்க வேணும் போலை வந்தது, உண்மையைச் சொல்லுறன். நான் எங்கை எண்ணினன்? குசினிக்குள்ளை நிண்டனான். புட்டுக்கு மாக் குழைச்சுக்கொண்டு நிண்டு, சத்தம் கேட்டு ஓடி வர வாசல் வெறுமையாய்க் கிடந்தது. அந்த வெறுமையை ஆரிட்டைச் சொல்லுறது? கிளாக்கர் அதை எழுத மாட்டார்.

பிறகு முதலாளியின்ரை மனுசி ஒருநாள் காய்ச்சல் பிள்ளையோடை இறங்கி வந்தாள். பிள்ளை வீரிட்டுக் கத்துது. ஆரும் கேக்க முதல் நான் கையைத் துடைச்சிட்டுப் போய்ப் பிள்ளையை வாங்கி, தோளிலை போட்டு, புறங்கையாலை கழுத்தைத் தொட்டுப் பாத்து, உள்ளங்காலைத் தேய்ச்சுக்கொண்டு ஆடி ஆடி நிண்டிட்டன். ரெண்டு நிமிசத்திலை பிள்ளை அடங்கிட்டுது. நிமிர்ந்தால் அவள் என்னையே பாத்துக்கொண்டு நிக்கிறாள்.

மத்தியானம் பாத்திரம் கழுவிற இடத்திலை வந்து பிடிச்சாள்.

"எத்தினை?"

"என்ன எத்தினை?"

"பிள்ளை."

"எனக்குப் பிள்ளை இல்லை."

"ஹாய் மே?"

"இல்லையெண்டு பேப்பரிலை எழுதிக் கிடக்கு!" எண்டு வெடிச்சன். "உனக்கென்ன வந்தது? உனக்கு விசா இருக்கு. பிரெஞ்சுக்காரன் பிளேனிலை ஏத்திக்கொண்டு வந்தவன். உன்னை ஆரும் ஒரு கேள்வி கேட்டவனோ?"

"இல்லை," எண்டாள். "அதுதான்."

தண்ணிக் குழாயைத் திறந்துவிட்டாள், மற்றவைக்குக் கேளாமல் இருக்க. பிறகு சொன்னாள். அவளுக்கு ஒரு மகன். தேப்பன் சண்டையிலை செத்திட்டான். படகு வெளிக்கிடுற அண்டைக்குப் பிள்ளைக்கு மூண்டு வயசு, நல்ல இருமல். ஒரு பிள்ளை இருமினால் முழுப் படகும் பிடிபடும் எண்டு ஏத்த மாட்டனெண்டிட்டாங்கள். அப்பாச்சியோடை விட்டிட்டு ஏறினாள். மலேசியாப் பக்கம் ஒரு தீவு முகாம். பிரான்சிலை இருந்து ஆள் எடுக்க ஒருத்தன் வந்து மேசை போட்டுக்கொண்டு இருந்தான். தனிப் பொம்பிளையளுக்குக் கெதியிலை பேர் வரும் எண்டு வரிசையிலை நிண்ட ஒருத்தி சொன்னாள்.

"பிள்ளையள்? எண்டு கேட்டான். இல்லை எண்டன். அவன் தலை நிமிரேல்லை. கோடு போட்டான். ஒரு ஹாய் மே கேக்கேல்லை. நான் பொய் சொல்லிக்கொண்டு நிக்கிறன், மூஞ்சை முழுக்கத் தண்ணி, அவன் என்னை நம்பிட்டான்."

இஞ்சை வந்து ஒரு வரியத்துக்குப் பிறகு அலுவலகம் ஒண்டுக்குப் போய் எனக்கு மகன் இருக்கிறான், கூப்பிட வேணும் எண்டு கேட்டாளாம். பழைய பேப்பரை எடுத்துக் காட்டினாங்களாம். மடாம், இது உங்கடை கையெழுத்துத்தானே எண்டு. நாலு தரம் போனாளாம். நாலாம் தரம் ஒரு பொம்பிளை நல்ல பட்சமாய்ச் சொன்னாளாம், இது உங்கடை சகோதரத்தின்ரை பிள்ளையாய் இருக்கும், எங்களுக்கு விளங்குது எண்டு.

என்ரை விசாரணைக்கு இன்னும் ரெண்டு கிழமைதான் கிடந்தது.

கிளாக்கரிட்டை ஓடினன். அவர் கண்ணாடியைக் கழட்டி வைச்சார். "விசர்க்கதை கதையாதை, தங்கச்சி. இப்ப போய் மாத்தினியெண்டால் முழுக் கேசையும் பொய் எண்டு எறிஞ்சிடுவான். பிறகு பிள்ளையும் இஞ்சை இல்லை, நீயும் இஞ்சை இல்லை." அதுவும் உண்மைதானே. நான் சாப்பிடேல்லை. ரயிலிலை இறங்கிற இடத்தை விட்டிட்டு அடுத்த ஸ்ரேசனிலை போய் முழிச்சுக்கொண்டு நிண்டன். மாத்தினால் இப்பவே எல்லாம் போகலாம். மாத்தாட்டில் என்ரை பிள்ளை பிரெஞ்சுக்காரன்ரை கணக்கிலை பிறக்கவே இல்லை.

கடைசி நாள் அவளிட்டைக் கேட்டன், "எது சரி? சொல்லு."

"தெரியாது," எண்டாள். "உன்ரை கிளாக்கரையும் நான் நம்பேல்லை, என்னையும் நான் நம்பேல்லை. பொய் சொன்னன், நம்பினாங்கள். பிறகு உண்மையைச் சொன்னன், ஒருத்தனும் நம்பேல்லை. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

அடுத்த நாள் காலமை பத்து மணிக்கு விசாரணை. மேசைக்கு அங்காலை மூண்டு பேர். மொழிபெயர்க்க ஒரு புதுச்சேரி ஐயா, உத்தியோகத்திலை இருந்து ஓய்வெடுத்தவர், கோட்டும் போட்டிருந்தார். "பதட்டப்படாம சொல்லுங்கம்மா" எண்டார். நடுவிலை இருந்தவர் பேப்பரைப் பிரட்டினார்.

"இதுல பிள்ளைங்க இல்லேன்னு போட்டிருக்கு. சரிதானான்னு கேக்கறாரு."

ஐயா என்னைப் பாக்கிறார், அவங்கள் என்னைப் பாக்கிறாங்கள்.

"பிழை," எண்டன். "ஒரு மகள் இருக்கிறாள். பயத்திலை மறைச்சனான். ஜீப் மூண்டெண்டு எழுதினதும் பிழை. நான் எண்ணேல்லை. நான் காணேல்லை. மாக் குழைச்சுக்கொண்டு நிண்டனான்."

ஐயா ஒரு கணம் என்னைப் பாத்திட்டுத்தான் பிரெஞ்சிலை சொன்னார். நடுவிலை இருந்தவர் பேனையை மூடி வைச்சார். அந்த மூடி பூட்டுப்பட்ட சத்தத்தோடை முடிஞ்சுது கதை எண்டு நினைச்சன்.

"முதல்ல பொய் சொன்னேன்னு நீங்களே ஒத்துக்கறீங்க. இப்ப சொல்றத எப்படி நம்பறதுன்னு கேக்கறாரு."

"நம்பச் சொல்லேல்லை, ஐயா. கேள்வி கேக்கச் சொல்லுங்கோ."

கேட்டாங்கள். முக்கால் மணித்தியாலம். ஏன் பிள்ளையை விட்டனி, அக்காவின்ரை வீடு எங்கை, கடைசியாய்ப் பிள்ளை என்ன சொன்னது. மூண்டு கேள்விக்குத் தெரியாது எண்டன். ஒண்டுக்கு அழுதன். முடிவிலை பிள்ளையின்ரை பேரையும் பிறந்த திகதியையும் கேட்டாங்கள். மூலையிலை இருந்த பெட்டை ரைப் அடிச்சாள். நான் எழும்பிப் போய்க் குனிஞ்சு பாத்தன். ஒரு எழுத்துப் பிழை. ஐயாவைக் கொண்டு திருத்துவிச்சன். துணிவு எங்கையிருந்து வந்ததோ தெரியாது.

தீர்ப்பு வந்தது ஏழு கிழமைக்குப் பிறகு. எனக்குச் சார்பாய்த்தான் வந்தது. மகளும் வந்து சேந்தாள். இப்ப அவளே ரெண்டு பிள்ளையளுக்குத் தாய். அந்தச் சமையல்கட்டைப் பிறகு மூடிட்டாங்கள். ஹாய்மே அக்கா தன்ரை ரெண்டாம் புருசனோடை தெற்குப் பக்கம் எங்கையோ போட்டாள் எண்டு கேள்வி. நான் சொல்ல வந்தது அதில்லை. விசாரணை முடிஞ்ச அண்டைக்கு மத்தியானம் நடந்ததைத்தான்.

தீர்ப்பு எப்பிடி வருமெண்டு அப்ப தெரியாது. நேரே வேலைக்கு வந்தன். அவள் சுத்திக்கொண்டு நிண்டாள்.

"பேரை எழுதினாங்களோ?"

"எழுதினாங்கள்."

"நீ பாத்தனியோ?"

"பாத்தன். பிழை திருத்துவிச்சன்."

அவள் கையைக் கழுவி வடிவாய்த் துடைச்சாள். ஓடர் எழுதிற கொப்பியிலை ஒரு ஒற்றையைக் கிழிச்சு, பேனையோடை என்ரை பக்கம் தள்ளினாள்.

"உன்ரை எழுத்திலை எழுது," எண்டாள். "சீனத்திலை எழுதினால் வீட்டிலை புருசன் வாசிப்பான். இஞ்சை வந்து கட்டினவன். அவனுக்குத் தெரியாது."

பிறகு ஒரு பேரைச் சொன்னாள். மெதுவாய், மூண்டு தரம். நாங்கள் சேந்து வேலை செய்த ரெண்டு வரியத்திலை அவள் அதை ஒருக்காலும் சொல்லி நான் கேக்கேல்லை. எங்கடை எழுத்துக்குள்ளை அந்தச் சத்தம் முழுசாய் அடங்கேல்லை. ஏலுமான மட்டும் எழுதினன். சரியோ எண்டு அவள் கேக்கேல்லை. நாலாய் மடிச்சுச் சட்டைக்குள்ளை வைச்சுக்கொண்டு அடுத்த அரிசித்தாளை எடுத்தாள். அந்தப் பிள்ளையின்ரை பேர் எழுதிக் கிடந்த காகிதம் பிரான்சிலை அது ஒண்டுதான்.